மரக்காணம் உப்புப் போக்குவரத்து: சேம அச்சு முதல் காற்று வில் வரை

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் விளையும் உப்பு, மாட்டுவண்டி, கால்வாய்ப் படகு, லாரி என மூன்று வகை ஊர்திகளில் உள்நாட்டுக்குச் சென்றது. உப்பு விலை குறைந்த, எடை மிகுந்த சரக்கு. ஒரு நடைக்கு எவ்வளவு அதிகம் ஏற்றமுடியுமோ அவ்வளவு லாபம் என்பதால், ஊர்தியின் அச்சும் வில்லும் தாங்கும் எல்லை உப்பு வணிகத்தில் எக்காலத்திலும் முக்கியமான கேள்வியாக இருந்துள்ளது. சங்ககால உமணர்கள் வண்டியின் அடியில் கட்டிய சேம அச்சு அக்கேள்விக்கு ஒரு விடை. இன்று சரக்கு வண்டிகளின் பின் அச்சில் பொருத்தப்படும் காற்று வில் இன்னொரு விடை.

இடம்

மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. மேற்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் திண்டிவனம். ஊரை ஒட்டிக் கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பும், அதைக் கடலோடு இணைக்கும் கழிமுகமும் உள்ளன. இந்தத் தாழ்ந்த உவர்நிலத்தில் உப்பளங்கள் அமைந்துள்ளன.

சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டின் எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். கிரேக்க நூலான எரித்ரேயக் கடல் பெரிப்ளூசில் வரும் சோபட்மா என்னும் துறைமுகத்தையும் இவ்வூரோடு பொருத்துகின்றனர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

உப்பு விளைச்சல் தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். பாத்தியில் வாரிய உப்பு வரப்பில் சேர்க்கப்பட்டு, கூடைகளில் தலைச்சுமையாகச் சாலையோரத்துக்கு வந்து அம்பாரமாகக் குவிக்கப்படுவது மரபான முறை. உப்பளத்தின் மண்வரப்புகள் கனமான வண்டியைத் தாங்காதவை. ஆகவே போக்குவரத்தின் முதல் கட்டம் மனிதத் தலையிலும், அடுத்த கட்டம் சாலை வண்டியிலும் நிகழ்ந்தது.

உமணர் வண்டிகள்

உப்பு வணிகர்கள் சங்க இலக்கியத்தில் உமணர் எனப்படுகின்றனர். கடற்கரையில் உப்பை வாங்கி, வண்டித்தொடராக உள்நாட்டுக்குச் சென்று நெல்லுக்கு மாற்றினர். பெரும்பாணாற்றுப்படை உமணர் வண்டியின் சக்கரம், அச்சு, மேற்கூரை, அதில் தொங்கும் கலங்கள் ஆகியவற்றை விரிவாகச் சித்தரிக்கிறது. வண்டி இழுக்கும் காளைகள் தவிர மாற்றுக்காளைகளையும் உமணர்கள் உடன் ஓட்டிச்சென்றதை அந்நூல் காட்டுகிறது. சிறுபாணாற்றுப்படையில் உமணர் குடும்பத்தோடு சேர்ந்தே பயணம் செய்யும் மந்தி ஒன்று வருகிறது. இப்பயணங்கள் குடும்பமாக மேற்கொண்ட நீண்ட பயணங்கள் என்பதற்கு இவை சான்றுகள்.

புறநானூறு 102ஆம் பாடலில் ஔவையார் உமணரின் சேம அச்சை உவமையாக்குகிறார். காளைகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியில் சரக்கோ மிக அதிகம். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது என்ன ஆகும் என்று சொல்லமுடியாது. ஆகவே உமணர்கள் இன்னொரு அச்சை வண்டியின் அடிமரத்தில் கட்டிவைக்கின்றனர். அதியமான் மகன் பொகுட்டெழினி தன் மக்களுக்கு அத்தகைய துணை என்பது பாடலின் கருத்து. வண்டி அதிகச் சுமையோடு செல்வதும், வழியில் அச்சு முறிவதும் அன்றே எதிர்பார்க்கப்பட்டவை என்பதை இவ்வுவமை காட்டுகிறது.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் வரும் 475ஆம் குறள் இதே செய்தியை வேறுவிதமாகச் சொல்கிறது. எடையே இல்லாதது போன்ற மயிலிறகானாலும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறது அது. முதலில் முறிவது அச்சு என்பதில் இரு நூல்களும் ஒத்துப்போகின்றன.

முன்பாரமும் பின்பாரமும்

மரபான மாட்டுவண்டிக்கு வில் கிடையாது. இரண்டு சக்கரங்களை இணைக்கும் அச்சின்மேல் (இருசு) வண்டியின் சட்டம் நேரடியாக அமர்ந்திருக்கும். ஆகவே வண்டிக்காரர்கள் கவனிக்கவேண்டியவை இரண்டு. ஒன்று மொத்த எடை. மற்றது அந்த எடை அச்சுக்கு முன்னும் பின்னும் எப்படிப் பரவியுள்ளது என்பது.

எடை முன்பக்கம் மிகுந்தால் அது முன்பாரம். நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பக்கம் மிகுந்தால் பின்பாரம். நுகம் மேலே எழும்ப, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மேட்டில் ஏறும்போது பின்பாரம் கூடும், இறக்கத்தில் முன்பாரம் கூடும். சற்றே முன்பாரமாக ஏற்றுவது வண்டிக்காரரின் அனுபவ அறிவு. இன்று இழுவைவண்டி கட்டும் பொறியாளர்கள் கொக்கியின்மீது விழும் எடை என்று கணக்கிடுவது இதைத்தான்.

பக்கிங்காம் கால்வாய்

கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கியது. அதன்பின் உப்பு அரசின் கண்காணிப்பில் பெருமளவில் கொண்டுசெல்லப்படும் சரக்காக மாறியது.

1806இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாயை வெட்டினார். அது படிப்படியாக வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கப்பட்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78இல், பஞ்ச நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர்பெற்றது. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கி.மீ. ஓடும் இக்கால்வாயின் தென்முனை மரக்காணம்.

கால்வாய்ப் படகுகள் உப்பு, விறகு, தானியம் ஆகியவற்றைச் சுமந்தன. கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும், கழியால் தள்ளியும், காற்று வாய்த்தால் பாய் விரித்தும் படகுகள் செலுத்தப்பட்டன. படகின் எடையை நீர் முழுப்பரப்பிலும் சீராகத் தாங்குவதால் அச்சும் இல்லை, வில்லும் இல்லை. அதிகம் ஏற்றினால் படகு ஆழமாக அமிழும், அது கண்ணுக்குத் தெரியும். உப்பு போன்ற எடைமிகுந்த, அவசரமில்லாத சரக்குக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கால்வாய் தூர்ந்தது. 1960களின் புயல்கள் அதை மேலும் சிதைத்தன. சாலைகள் மேம்பட்டபோது சரக்கு முழுமையாக லாரிக்கு மாறியது. 2008இல் இக்கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

லாரியும் பட்டையும்

லாரி வந்தபோதுதான் உப்புப் போக்குவரத்தில் வில் நுழைந்தது. எஃகுத் தகடுகளை அடுக்கிச் செய்யும் வில் ஐரோப்பியக் குதிரைவண்டிகளிலிருந்து மோட்டார் வண்டிக்கு வந்தது. தமிழகப் பணிமனைகளில் இதன் பெயர் பட்டை. வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்ட நீண்ட தகடு மெயின் பட்டை. அதன்கீழ் படிப்படியாக நீளம் குறையும் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சரக்கு வண்டிகளின் பின் அச்சில் இந்த அடுக்குக்கு மேலே இன்னொரு சிறிய அடுக்கும் இருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தபின் மட்டுமே அது தொட்டுச் சுமையை ஏற்கும்.

பட்டையின் விறைப்பு செய்யும்போதே முடிவாகிவிடுவது. முழுச்சுமைக்குப் பொருந்தும் பட்டை வெறும் வண்டிக்கு மிகக் கடினமானது. உப்பை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி குதித்துக்குதித்து ஓடுவது இதனால்தான். வெறும் வண்டிக்கு இதமான பட்டையோ சுமை ஏறியதும் தட்டையாகிவிடும். கூடுதல் சுமை ஏற்ற விரும்பியவர்கள் பட்டறையில் இரண்டொரு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது பழைய வழக்கம். வண்டியின் பின்பக்கம் உயரும், ஆனால் அச்சும் டயரும் பிரேக்கும் முன்பு இருந்தவையே.

உப்பு எவ்வளவு எளிதாக எல்லையை மீறவைக்கும் என்பதை ஒரு கணக்கு காட்டும். குவித்த கல்லுப்பின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.1 முதல் 1.2 டன். இரண்டு அச்சு லாரியின் சட்டபூர்வ மொத்த எடை இன்று 18.5 டன். வண்டியின் எடை 6.5 டன் எனக் கொண்டால் 12 டன் உப்பு ஏற்றலாம். 6.5 மீட்டர் நீளமும் 2.3 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் அது 70 செ.மீ. உயரத்துக்குத்தான் வரும். தொட்டியின் பாதிக்கு மேல் காலியாகத் தெரியும்போதே வண்டி நிறைந்துவிட்டது. வைக்கோலோ பஞ்சோ ஏற்றுபவருக்கு இந்தச் சோதனை இல்லை.

காற்று வில்லின் தோற்றம்

எஃகுக்குப் பதிலாகக் காற்றையே வில்லாகப் பயன்படுத்தும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் காப்புரிமைகளாகப் பதிவாகியது. ஆனால் காற்றைக் கசியாமல் அடைக்கும், பல லட்சம் முறை மடங்கி விரியும் ரப்பர்ப்பை அன்று இல்லை. டயர் செய்யும் தொழில்நுட்பம் வளர்ந்தபின் 1930களில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் நூலிழை வலுவூட்டிய ரப்பர்ப்பைகளில் சோதனைகள் செய்தது. 1950களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பேருந்துகளில் காற்று வில் வழக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் சிறிய சரக்கு வண்டிகளின் பின்புறம் இழுவைவண்டி பூட்டும் பழக்கம் பரவியபோது, பட்டையை எடுக்காமலே அதற்குத் துணையாகப் பொருத்தும் சிறிய காற்று வில்களும் சந்தைக்கு வந்தன.

இந்தியாவில் காற்று வில் முதலில் சொகுசுப் பேருந்துகளின் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. 2001இல் வந்த வோல்வோ பேருந்துகள் அதில் முக்கியமானவை. சென்னை பாடியில் உள்ள டி.வி.எஸ். குழும மரபைச் சேர்ந்த வீல்ஸ் இந்தியா நிறுவனம் பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் காற்று வில் அமைப்புகளைத் தயாரிக்கிறது. பணிமனைகளில் இது ஏர் பலூன் அல்லது பெல்லோ எனப்படுகிறது. சுமை இல்லாதபோது தரையிலிருந்து தூக்கி வைக்கும் கூடுதல் அச்சு கொண்ட லாரிகளிலும் காற்றுப்பைகள் உள்ளன. ஆயினும் இந்தியச் சரக்கு லாரிகளில் பெரும்பான்மை இன்றும் பட்டையில்தான் ஓடுகின்றன.

செயல்படும் விதம்

காற்று வில் தாங்கும் எடை இரண்டைப் பொறுத்தது. ஒன்று பையின் பயனுறு பரப்பு, மற்றது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம். 15 செ.மீ. பயனுறு விட்டம் உள்ள பையின் பரப்பு ஏறத்தாழ 177 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் வைத்தால் அது 700 கிலோ தாங்கும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் 350 கிலோ.

பட்டையிலிருந்து இது வேறுபடும் இடம் இங்குதான் உள்ளது. சுமைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டினால் வில்லின் விறைப்பும் கூடவே கூடும். ஆகவே வெறும் வண்டியும் சுமை வண்டியும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் அசையும், ஒரே உயரத்தில் நிற்கும். முழுமையான காற்று வில் அமைப்பில் உயரத்தைக் கண்காணிக்கும் வால்வு ஒன்று தானாகவே காற்றை ஏற்றியும் இறக்கியும் இதைச் செய்கிறது. துணை வில்களில் ஓட்டுநர் கையால் செய்யவேண்டும்.

பின்புறக் காற்று வில் தேர்வு

சரக்கு ஏற்றும், இழுவைவண்டி பூட்டும் வண்டிகளுக்குப் பின்புறக் காற்று வில் தேர்ந்தெடுப்பதில் பொதுவாகக் கருதப்படும் அம்சங்கள்:

முதலாவது, எடை எங்கே விழுகிறது என்பது. தொட்டியில் ஏற்றும் சுமையின் பெரும்பகுதி பின் அச்சில் விழும். கொக்கியில் விழும் எடையோ பின் அச்சுக்கும் பின்னால் விழுவது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் உள்ள சிறிய சரக்கு வண்டியில், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் உள்ள கொக்கியில் 400 கிலோ விழுவதாகக் கொள்ளலாம். நெம்புகோல் கணக்கின்படி பின் அச்சில் கூடுவது 560 கிலோ. முன் அச்சில் 160 கிலோ குறைகிறது. ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் அந்த அளவுக்குப் பிடிமானம் இழக்கின்றன. இது மாட்டுவண்டிக்காரர் அஞ்சிய அதே பின்பாரம். காற்று வில் வண்டியின் வாலைத் தூக்கி மட்டமாக்கும், முகப்பு விளக்கு மீண்டும் சாலையை நோக்கும். ஆனால் முன் அச்சு இழந்த 160 கிலோவைத் திருப்பித் தராது. அதற்குச் சுமையை முன்னால் நகர்த்தவேண்டும்.

இரண்டாவது, வில்லின் தாங்குதிறன். பையின்மேல் அச்சிட்ட திறன் பை தாங்கும் எடை மட்டுமே. வண்டியின் தாங்குதிறன் அச்சு, டயர், சக்கரம், பிரேக், சட்டம் ஆகியவற்றில் எது மிகக் குறைவோ அதுதான். பதிவுச்சான்றில் உள்ள மொத்த எடை காற்று வில் பொருத்தியதால் மாறாது.

மூன்றாவது, பையின் வகை. மடிப்புமடிப்பாக உள்ள பை குறைந்த உயரத்தில் அதிக எடை தாங்கும். உருளைமேல் உருண்டு மடியும் பை அதிக அசைவுக்கு இடம்தரும், பயணம் இதமாக இருக்கும். கரடான மண்சாலையில் அச்சு அதிகம் ஏறியிறங்கும் வண்டிக்கு அசைவு முக்கியம்.

நான்காவது, காற்றுக்குழாய். இரு பைகளையும் ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் வண்டி சாயும்போது அழுத்தப்படும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடி, சாய்வைக் கூட்டும். உயரமாகவும் ஒருபக்கச் சாய்வாகவும் சுமை ஏற்றும் வண்டிகளுக்குத் தனித்தனிக் குழாய்கள் பொருத்தமானவை.

ஐந்தாவது, குறைந்தபட்ச அழுத்தம். சுமை இல்லாதபோதும் பையில் சிறிது காற்று இருக்கவேண்டும். காற்றே இல்லாமல் ஓட்டினால் ரப்பர் கசங்கிக் கிழியும். பைக்கும் டயர், புகைக்குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றுக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும்.

உப்புச்சூழல்

உப்பளக் கடற்கரையில் வில்லின் ஆயுளைத் தீர்மானிப்பது சுமை மட்டும் அல்ல. புதிதாக வாரிய உப்பிலிருந்து உவர்நீர் கசிந்து தொட்டியின் இடுக்குகள் வழியாகப் பட்டையில் சொட்டும். தகடுகளுக்கு இடையே தங்கும் உவர்நீர் துருவை உண்டாக்குகிறது. துரு அரித்த சிறு குழிகளிலிருந்து விரிசல் தொடங்கிப் பட்டை முறிகிறது. காற்றுப்பையின் ரப்பர் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அதைப் பிடித்திருக்கும் தட்டு, போல்ட், உயர வால்வு, காற்றுத்தொட்டி ஆகியவை துருப்பிடிப்பவை. ரப்பரின் மடிப்பில் சேரும் உப்புப்பரலும் மணலும் அதை அராவித் தேய்க்கும். நல்ல நீரால் அடிப்பாகத்தைக் கழுவுவது இரு வகை வில்லுக்கும் தேவை.

சுமைவரம்பும் சாலையும்

1958-60இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்த ஆஷோ சாலைச் சோதனை, அச்சின் எடை கூடும்போது சாலைச் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்காகக் கூடுவதைக் காட்டியது. 11.5 டன் அனுமதியுள்ள அச்சில் 15 டன் ஏற்றினால் எடை ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது, சேதம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது.

சாலையைக் குறைவாக அடிக்கும் என்பதால் காற்று வில்லுக்குச் சில நாடுகள் சட்டத்தில் சலுகை அளித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரியின் இரட்டை அச்சுக்கு 18 டன் எல்லை. இயக்க அச்சில் இரட்டைச் சக்கரங்களும் காற்று வில் அல்லது அதற்கு இணையான அமைப்பும் இருந்தால் 19 டன். தொழிற்சாலையிலேயே முழு அமைப்பும் அதற்கென வடிவமைக்கப்பட்ட வண்டிகளுக்கே இது பொருந்தும். பட்டறையில் சேர்க்கும் துணைப்பைக்கு அல்ல.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு அதிகச் சுமையைத் தடைசெய்கிறது. ஓட்டுநர் உரிமையாளர் அல்லாதபோது, குற்றம் உரிமையாளரின் அறிவோடு அல்லது ஆணைப்படி நடந்ததாக நீதிமன்றம் கொள்ளலாம் என்று அப்பிரிவு கூறுகிறது. அபராதம் கட்டிவிட்டு அதே சுமையோடு செல்வதை அனுமதிக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 2005 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு எல்லைகளை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் 11.5 டன் ஆனது. 2019 திருத்தத்துக்குப்பின் அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

மதிப்பீடு

மரக்காணம் உப்பு மாட்டுவண்டி, படகு, லாரி ஆகியவற்றில் சென்ற வரலாற்றில், சுமை மீறப்படுவதை எளிதில் காட்டிக்கொடுத்தது படகு மட்டுமே. பட்டை லாரியில் அதிகச் சுமையின் அடையாளம் தாழ்ந்த பின்பக்கம். காற்று வில் அந்த அடையாளத்தையும் நீக்கிவிடுகிறது. மட்டமாக நிற்கும் வண்டி சரியான சுமையோடு நிற்பதாகத் தோன்றும். ஆகவே காற்று வில் பொருத்திய வண்டிக்கு எடைமேடை முன்பைவிட அவசியமாகிறது.

உமணர் அச்சு முறியும் என்று அறிந்து சேம அச்சை எடுத்துச்சென்றனர். மெதுவாகச் செல்லும் மாட்டுவண்டியில் முறிந்த அச்சை வழியிலேயே மாற்றமுடிந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் முறியும் அச்சுக்கும் வெடிக்கும் டயருக்கும் அந்த அவகாசம் இல்லை. அதன் விலையைக் கொடுப்பவர்கள் ஓட்டுநரும் எதிரே வருபவருமே. தகுந்த சுமையில் வண்டியை மட்டமாகவும் இதமாகவும் வைத்திருப்பதற்குக் காற்று வில் நல்ல கருவி. அச்சின் எல்லையைப் பற்றிக் குறள் சொன்னது அதற்கும் பொருந்தும்.